எட்டு மடங்குக் கண்

வாகைப்பேரிக் குளத்தங்கரையில் தண்ணீர்த் தொட்டி ஒன்று இன்றைக்கும் பச்சைக்குழந்தை மாதிரி கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கிறது. அதைப் பார்த்துச் சிரிக்கிற வெளியூர்க்காரர்களை உட்காரவைத்து ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு விதமாக ஒரு கதை சொல்வார்கள். எப்படிச் சொன்னாலும் அது தையல் டீச்சர் பிரம்மசக்தி பைனாகுலர் வாங்க ஆசைப்பட்டதில்தான் தொடங்கும்.

பிரம்மசக்தி எதையும் சட்டென்று வாங்குகிறவள் இல்லை. ரவிக்கைத் துணிக்கு நாலு கடை ஏறி இறங்கி, சாயம் போகுமா என்று நகத்தால் சுரண்டி, வெயிலில் கொண்டுபோய் விரித்துப் பார்த்து, கடைக்காரன் தலையில் கை வைத்த பிறகுதான் "சரி, வெட்டுங்க" என்பாள். அப்படிப்பட்டவளுக்கு நாற்பது வயதில் பறவை பார்க்கிற பைத்தியம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் விடியலில் குளத்தைச் சுற்றுகிற கூட்டத்தோடு அவளும், அவள் பள்ளிக்கூடத்திலேயே சயன்ஸ் லேபில் வேலை பார்க்கிற ஜான்சியும் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தின் தலைவர் குற்றாலிங்கம் சார், தபாலாபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பழைய பைனாகுலர் ஒன்றுதான் எல்லோருக்கும். வரிசையில் நின்று முறை வருவதற்குள் பறவை பறந்துபோய்விடும்.

அதனால் சொந்தமாக ஒன்று வாங்குவது என்று பிரம்மசக்தி முடிவு செய்தாள். கல்யாணமான நாளில் இருந்து தனக்கென்று மட்டும் அவள் வாங்க நினைத்த முதல் சாமான் அதுதான். விலை கைக்கு அடங்க வேண்டும், வாங்கினபின் வருத்தப்படவும் கூடாது. குற்றாலிங்கம் சார் முதல் பாடத்தைச் சொன்னார்: "பத்து மடங்கு வாங்காதீங்கம்மா. பறவை பத்து மடங்கு தெரியுமோ இல்லியோ, நம்ம கை நடுக்கம் பத்து மடங்கு தெரியும். எட்டு போதும். முன் கண்ணாடி நாப்பத்திரெண்டு மில்லி இருக்கட்டும், விடியக்கால வெளிச்சத்துக்கு அதான் சரி." மீதியை அவளே தேடிக் கற்றாள். திருவிழாக் கடையில் ஐம்பது மடங்கு என்று எழுதி விற்பதெல்லாம் விளையாட்டுச் சாமான். மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்குக் கண் வைக்கிற ரப்பர் மடங்க வேண்டும். கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தால் கண் வைக்கிற பக்கம் தெரிகிற வெளிச்சப் பொட்டு முழு வட்டமாக இருக்க வேண்டும், ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் உள்ளே இருப்பது மட்டமான கண்ணாடி. இதையெல்லாம் மத்தியான இடைவேளையில், ஜான்சியின் டப்பாவில் இருந்து மீன் வறுவலை எடுத்துத் தின்றுகொண்டே, அவளிடம் விலாவாரியாகச் சொல்வாள். ஜான்சி தலையாட்டிக் கேட்பாள். ஜான்சி கையில் கிடைத்ததை வாங்குகிறவள், வாங்கினதெல்லாம் அவளுக்கு நன்றாகவே அமையும், அது ஒரு ராசி.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில், இத்தனைக்கும் பொருந்தி வந்த பைனாகுலர் ஒன்றே ஒன்று இருந்தது. பிரம்மசக்தி அதை மூன்று தடவை போய்ப் பார்த்தாள், தெருக்கோடிப் பெயர்ப்பலகையை அதன் வழியே எழுத்தெழுத்தாக வாசித்தாள், தீபாவளி கழிந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். தீபாவளி கழிந்த மறுநாள் ஜான்சி சாப்பாட்டு டப்பாவோடு கூட ஒரு கறுப்புப் பையையும் மேசையில் வைத்தாள்.

"ஏட்டி சக்தி, இங்க பாரு! அம்மைக்குக் கண்ணாடி மாத்த ஜங்ஷனுக்குப் போனேன். கடக்காரன் நாலஞ்சு எடுத்துப் போட்டான், ஒண்ணையும் நான் தொடலியே. எங்க டீச்சர் பாத்து வச்சது தப்பாவா இருக்கும்னு நேரா இதத்தான் கேட்டு வாங்கிட்டு வாரேன்."

பிரம்மசக்தி பாதித் தயிர்சோற்றோடு தன் டப்பாவை மூடினாள். "நல்லாருக்கு," என்றாள். பிறகு, "அது கடைசிப் பீசுல்லா," என்றாள்.

"அப்படியா? எனக்குத் தெரியாதே," என்று ஜான்சி சொன்னாள். நிஜமாகவே அவளுக்குத் தெரியாது. தெரிந்து செய்திருந்தால் ஒரு சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு குளத்தில் பனி இறங்கியிருந்தது. பைனாகுலர் இல்லாத பிரம்மசக்திதான் வெறுங்கண்ணால் அக்கரையில் எதையோ கண்டு, "அங்க என்ன, வேட்டி காயப்போட்ட மாதிரி?" என்று கை நீட்டினாள். நீட்டின கையின் வழியே ஜான்சி புது பைனாகுலரைத் தூக்கினாள், சக்கரத்தைத் திருகினாள், "பூநாரை!" என்று கத்தினாள். வாகைப்பேரிக் குளத்துக்கு அதற்கு முன் பூநாரை வந்ததில்லை. உப்பளங்களில் நிற்கிற பறவை, தன்னந்தனியாக, முட்டிக்கால் தண்ணீரில், ரோஸ் நிறத்தில் நின்றுகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு: கை காட்டியவருக்கு இல்லை, பெயர் சொன்னவருக்குத்தான் பறவை. எத்தனையோ வாரம் பிரம்மசக்தியே அந்த வழக்கத்துக்குத் தலையாட்டியிருக்கிறாள். குற்றாலிங்கம் சார் ஜான்சியின் கையைக் குலுக்கினார், பேப்பரில் ஜான்சியின் படம் வந்தது, நாரை போகாமல் அங்கேயே தங்கிவிட்டதால் ஊரே அதை ஜான்சி நாரை என்று கூப்பிட ஆரம்பித்தது. பேரூராட்சித் தலைவி சண்முகக்கனி குளத்தங்கரையில் ஒரு வளைவு கட்டி, அதன் உச்சியில் ஒரு ரோஸ் நாரையையும் நிற்கவைத்தாள்.

பிரம்மசக்திக்குப் பொறாமை வந்தது. சுற்றி வளைப்பானேன், வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. ராத்திரி புரண்டு படுத்தாலும் பூநாரை, பகலில் மிஷினில் உட்கார்ந்தாலும் பூநாரை. ஜங்ஷனுக்குப் போய், அதே கடையில், பெயர் தெரியாத கம்பெனி பைனாகுலர் ஒன்றை வாங்கினாள். எட்டு மடங்குதான், நாற்பத்திரண்டுதான், ஆனால் தள்ளிப் பிடித்துப் பார்த்தபோது வெளிச்சப் பொட்டின் ஓரம் லேசாக வெட்டுப்பட்டிருந்தது. தெரிந்தேதான் வாங்கினாள்.

அந்த ஞாயிறு அவள் முக்குளிப்பானைப் பார்த்தாள், நீர்க்காகம் சிறகு விரித்துக் காய்வதைப் பார்த்தாள், ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவளைக் கேட்காமலே பைனாகுலர் கரைப்பக்கம் திரும்பியது. அங்கே ஜான்சி குடை பிடித்து நின்று, கல்லூரிப் பிள்ளைகளுக்கு எந்த பைனாகுலர் வாங்கலாம், ஏன் பத்து மடங்கு கூடாது என்று விளக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் பிரம்மசக்தியின் வாயில் இருந்து வந்த வார்த்தைகள். இவளுக்கு மட்டும் எப்படி எல்லாம் கைமேல் வந்து விழுகிறது என்று பிரம்மசக்தி நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் ஜான்சியின் குடைத்துணி கம்பிகளில் இருந்து கழன்று கீழே விழுந்தது. மறுவாரம் பார்த்தபோது தலையில் இருந்த மல்லிகைச் சரம் கறுத்து உதிர்ந்தது. அதற்கு மறுவாரம் ஸ்கூட்டரின் இரண்டு டயரும் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தன.

குற்றாலிங்கம் சார் டயரைத் தொட்டுப் பார்த்தார், அக்கரையில் பைனாகுலரோடு நிற்கிற பிரம்மசக்தியையும் பார்த்தார். "கண்ணு பட்டிருக்கு. சும்மா கண்ணு இல்ல, எட்டு மடங்குக் கண்ணு," என்றார். கொஞ்சம் யோசித்து, "நல்லவேள, பத்து மடங்கு வாங்க விடாமத் தடுத்தேன்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஊர் அதைக் கேட்டு வாயைப் பிளக்கவில்லை. செய்ய வேண்டியதைச் செய்தது. குளத்தைப் பார்த்த வீடுகளெல்லாம் வாசலில் பூசணிக்காய் கட்டின, கட்டட வேலை நடந்த இடத்தில் வைக்கோல் பொம்மைகள் குளத்துப் பக்கமாகத் திரும்பி நின்றன, மோட்டார் பம்புக்கும் புது டிராக்டருக்கும் பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் எடுத்த பிள்ளைக்கும் கன்னத்தில் மை வைத்தார்கள், பேரூராட்சி தன் பங்குக்குத் தண்ணீர்த் தொட்டிக்குத் தாரில் ஒரு பொட்டு வைத்தது. பிரம்மசக்தியை யாரும் வையவில்லை. எல்லோருக்கும் கண் இருக்கிறது, இவளுக்குக் கொஞ்சம் கூடுதலாக எட்டுகிறது, அவ்வளவுதானே என்றார்கள். போகப்போக அவள் பார்வை பட்டதில் ஒரு பெருமை கூட வந்துவிட்டது. பிரம்மசக்தி பார்த்து விரிசல் விட்ட புது மாடிவீட்டுக்காரர் அந்த விரிசலைப் பூசாமல் வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். அவளை வழிமறித்து, "எங்க வீட்டுல பொறாமப்பட ஒண்ணுமே இல்லியா டீச்சர்? ஒரு மிக்சியாவது பாக்கக் கூடாதா?" என்று கண் கலங்கின பெண்களும் இருந்தார்கள்.

கண் பட்டால் கழிக்க வேண்டும். கழிக்கக் கல்லுப்பும் வரமிளகாயும் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே, கண் வைத்தவரின் காலடி மண் வேண்டும். அதையும் அவருக்குத் தெரியாமல் எடுக்க வேண்டும். ஆகையால் பிரம்மசக்தி பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், அவள் தெரு திரும்புகிற வரைக்கும் காத்திருந்து, ஆட்கள் குனிந்தார்கள். ஒரு பிடி, இரண்டு பிடி என்று அள்ளி அள்ளி அந்த வழி கணுக்கால் ஆழத்துக்கு இறங்கியது, பிறகு முழங்கால் ஆழத்துக்கு, கடைசியில் கழுத்து ஆழத்துக்கு இறங்கியது, மழை பெய்த அன்றைக்கு அதில் தவளை கத்தியது. பள்ளத்தில் நடந்து வந்த டீச்சரின் தலை மட்டும் தெரிவதைப் பார்த்து பேரூராட்சிக்கு இரக்கம் வந்து, வீட்டு வாசலில் இருந்து பள்ளிக்கூட வாசல் வரைக்கும் சிமெண்டு போட்டுக் கொடுத்தது.

அவள் ஏன் அந்த பைனாகுலரைத் தூக்கி எறியவில்லை என்று கேட்பீர்கள். பறவைகளுக்கு அதனால் ஒரு கேடும் வரவில்லை, மீன்கொத்தியின் மேல் யாருக்குப் பொறாமை வரும்? பூநாரை நிற்கிற பக்கம் மட்டும் அவள் அதைத் திருப்பவே இல்லை. ஆசைப்பட்டு வாங்கினது எந்தப் பறவைக்காகவோ அந்தப் பறவையை அவள் இன்னும் வெறுங்கண்ணால் ஒரு வெள்ளைப் புள்ளியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டவர்களிடமெல்லாம், "பொறாமையெல்லாம் ஒண்ணுமில்ல, மட்டமான கண்ணாடி, ஓரம் வெட்டுப்பட்டது, அதான் இப்படிச் செய்யுது," என்று சொன்னாள்.

அப்படியிருக்கும்போதுதான் சண்முகக்கனி அவளைத் தேடி வந்தாள். "டீச்சர், குளத்துல பாதிய ஆகாயத்தாமரை மூடிருச்சு. எத்தன ஆளுவிட்டு எடுத்தாலும் மறுபடி மொளைக்கி. ஒரு பார்வை பாருங்களேன்."

"அது மேல எனக்கு என்ன பொறாம?"

"வரவழைச்சிக்கிடுங்க டீச்சர். ஊர்க் காரியம்லா."

பிரம்மசக்தி கரையில் உட்கார்ந்து ஆகாயத்தாமரையை வெகுநேரம் பார்த்தாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு பார்க்கப் பார்க்க, அது எந்தக் கடையிலும் நாலு தடவை ஏறி இறங்கவில்லை, எதையும் சுரண்டிப் பார்க்கவில்லை, யார் முறைக்கும் காத்து நிற்கவில்லை, விழுந்த இடத்தில் மிதந்து, மிதந்த இடத்தில் பூத்து, கேட்பாரில்லாமல் குளத்தையே எடுத்துக்கொண்டது என்று தோன்றியது. பைனாகுலரைத் தூக்கினாள். சாயங்காலத்துக்குள் அத்தனையும் பழுத்துச் சுருண்டு அடியில் அமிழ்ந்தது. பேரூராட்சி அவளுக்குப் பொன்னாடை போர்த்தியது, பித்தப்பையில் கல் இருக்கிறவர்கள் வரிசையில் வந்து ஸ்கேன் படத்தை நீட்டி, "இதயும் கொஞ்சம்," என்று கேட்டார்கள். அவளுக்கே ஒரு சின்ன மிதப்பு வந்தது. பொறாமைக்கும் ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது என்று நினைத்துக்கொண்டு திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனாள்.

அன்றைக்கு ஜான்சி இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் இடது கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு இருந்தது.

ஜான்சி ஞாயிறு ஆராதனை தவறாதவள், நெற்றியில் கூடப் பொட்டு வைக்காதவள், வைக்கிற வழக்கம் இல்லாத குடும்பம். அவள் மை குழைத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஊரே பொட்டு வைத்துக்கொண்டபோது பிரம்மசக்திக்கு வலிக்கவில்லை. ஆலமரம், பம்பு செட்டு, போலீஸ் ஜீப்பு எல்லாம் வைத்துக்கொள்ளட்டும். இவளுமா? மீன் வறுவல் டப்பா அவளுக்கு எட்டாத தூரத்தில் திறந்திருந்தது. ஜான்சி நிமிராமல் சாப்பிட்டாள்.

அழுகை வர வேண்டிய இடத்தில் பிரம்மசக்திக்கு ஆத்திரம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் குளத்துக்குப் போனாள், வளைவுக்குக் கீழே நின்றாள், இத்தனை நாள் திருப்பாத பக்கம் பைனாகுலரைத் திருப்பினாள். அத்தனை அழகாக இருந்தது அது. வளைந்த கழுத்து, நுனி கறுத்த அலகு, காலையும் சேர்த்து ரோஸ். நான் கை காட்டின பறவை, என்னுடையது, இவள் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது என்று நினைத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாரையின் ரோஸ் நிறம் சாயம் போகிற துணி மாதிரி காலில் இருந்து கலைந்து, தண்ணீரில் ஒரு நிமிஷம் வளையமாக நின்று, கரைந்துபோனது. வெள்ளையாகிப்போன பறவை கழுத்தைத் தொங்கப் போட்டது. பிரம்மசக்தி பைனாகுலரை இறக்கினாள். கை நடுங்கியது. எட்டு மடங்கு நடுக்கம்.

இரண்டு நாளாக நாரை ஒன்றும் தின்னவில்லை. வளைவில் நிற்கிற நாரைக்கும் வெள்ளையடித்துவிடலாமா என்று சண்முகக்கனி யோசித்தாள். மூன்றாம் நாள் விடிந்ததும் பிரம்மசக்தி வீட்டுக் கதவு தட்டப்பட்டது. ஜான்சி நின்றாள், ஒரு கையில் உப்பும் மிளகாயும் பொட்டலமாக, இன்னொரு கையில் தேங்காய்ச் சிரட்டை.

"ஒன் காலடி மண்ணு வேணும்," என்றாள். "பாஸ்டருக்குத் தெரிஞ்சா வைவாரு. வைஞ்சா வையட்டும்."

"அது தெரியாம எடுக்கணும்லா?"

"எங்க எடுக்க? நீ நடக்க எடமெல்லாம் சிமெண்டு. அதான் ஒன் மொகத்தப் பாத்துக் கேக்கேன். குளத்துக்கு வா. வந்து மண்ணுல நில்லு."

இத்தனை நாளில் ஊரே அவள் முதுகுக்குப் பின்னால் குனிந்து அள்ளியிருக்கிறது. முகத்தைப் பார்த்து யாரும் கேட்டதில்லை. பிரம்மசக்தி பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கூடவே நடந்தாள். பொறாமை இல்லை, கண்ணாடிதான் மட்டம் என்று சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றிருக்கலாம். தண்ணீரில் வெள்ளையாக நின்ற பறவை அவளை அப்படிச் சொல்ல விடவில்லை. கரையில் செருப்பைக் கழற்றினாள். ஈர மண்ணில் இரண்டு பாதமும் பதிய நின்றாள். பிறகு வலது காலைத் தூக்கிக்கொண்டாள்.

"எடுத்துக்கோ," என்றாள். "பொறாமைதான். கண்ணாடியில ஒரு கோளாறும் இல்ல."

ஜான்சி குனிந்தாள். அள்ளப்போன கை அப்படியே நின்றது.

"அன்னைக்கு நீதான் மொதல்ல பாத்தே," என்றாள் தரையைப் பார்த்தபடியே. "ஒன் கை போன வழியிலதான் நான் பாத்தேன். சார் கை குலுக்கும்போது சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. எனக்கும் ஒரு தடவ மொதல்ல வரணும்னு இருந்துச்சு சக்தி. நீ எல்லாத்தயும் தெரிஞ்சு வச்சிருக்கே, எனக்கு வாங்கத்தான் தெரியும்."

பிரம்மசக்தி ஒற்றைக்காலில் நாரை மாதிரியே நின்றுகொண்டிருந்தாள். ஜான்சி மண்ணை அள்ளி உப்போடும் மிளகாயோடும் சேர்த்தாள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள், பறவை விலகாமல் நிற்க, மூன்று தடவை சுற்றினாள். கரைக்கு வந்து சிரட்டை நெருப்பில் போட்டார்கள். மிளகாய் பொரிந்தது, கருகியது, சாம்பலானது. காரல் இல்லை, நெடி இல்லை, இருவருக்கும் ஒரு தும்மல் கூட வரவில்லை. அத்தனையும் கண்ணேதான்.

நாரை கழுத்தை நிமிர்த்தியது. தண்ணீரின் மேல் நாலு எட்டு ஓடிச் சிறகை விரித்தது. பிரம்மசக்தி தன் பைனாகுலரைத் தொடவில்லை. ஜான்சி தன்னுடையதைக் கழற்றி நீட்டினாள்: "இதுல பாரு. வலது கண்ணு வளையத்த மட்டும் ஒனக்கு ஏத்த மாதிரி திருப்பிக்கோ." பிரம்மசக்தி திருப்பினாள். உடம்பெல்லாம் வெளுத்திருந்தாலும் சிறகுக்கு உள்பக்கம், மூடி வைத்திருந்ததால் யார் கண்ணும் படாத இடத்தில், செக்கச் செவேலென்று நிறம் அப்படியே இருந்தது. நாரை உப்பளங்கள் இருக்கிற கிழக்கைப் பார்த்துப் போனது. புள்ளியாகிற வரைக்கும் பார்த்துவிட்டு அவள் பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்தாள். நல்ல பைனாகுலர்தான், அவள் தேர்ந்தெடுத்தது. அந்த நினைப்பு வந்ததும் உள்ளே எங்கேயோ சுருக்கென்றது, அது அவளுக்கே தெரிந்தது, ஜான்சிக்கும் தெரிந்தது.

ஜான்சி சேலைத் தலைப்பை நனைத்துக் கன்னத்துப் பொட்டை அழுத்தித் துடைத்தாள். பத்தடி பின்னால் போய் நின்றாள்.

"இப்ப ஒன்னோடத எடு. என்னையப் பாரு."

"வேண்டாம் ஜான்சி."

"பாருட்டீ."

பிரம்மசக்தி தூக்கினாள். கிட்டத்தில், எட்டு மடங்காக, ஜான்சி வந்து நின்றாள்: மை கலைந்த கன்னம், காதோரத்து நரை, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு, பயத்தில் இறுகின உதடு, அந்தக் கழுத்தில் அந்த பைனாகுலர். பார்த்தாள். பொறாமை வேண்டாம் என்று சொன்னால் போகிற சாமானா அது? வந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஜான்சியின் தோளில் தலைப்பைப் பிடித்திருந்த ஊக்கு தெறித்துச் சேற்றில் விழுந்தது. இருவரும் காத்திருந்தார்கள். வேறொன்றும் விழவில்லை.

ஜான்சி ஊக்கை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள், தன்னைத் தானே ஒரு தடவை தடவிப் பார்த்தாள், பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இவ்வளவுதானா?" என்றாள். "இதத் தாங்கிக்கிடலாம்."

பிரம்மசக்தி கிட்டே போனாள். தன் தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி, ஜான்சியின் தலைப்பை மடிப்பு மடிப்பாக எடுத்து, தோளில் குத்திவிட்டாள்.